கிணற்று நீரும் வீட்டு வடிகட்டியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாள்தோறும் அடுப்பில் ஏறும் கேத்தலின் உட்புறத்தை நோக்கினால், அங்கே வெண்மையான ஓர் ஓடு படிந்திருப்பதைக் காணலாம். சுரண்டினாலும் எளிதிற் போகாத அந்த ஓடு அழுக்கன்று. நிலத்தின் அடியிலுள்ள சுண்ணாம்புக்கல் நீரிற் கரைந்து வந்து, கொதிக்கும்போது மீண்டும் கல்லாகிப் படிந்ததே அது. சவர்க்காரம் நுரைக்க மறுப்பதும், குளியலறைக் குழாயின் துளைகள் அடைபடுவதும், வெந்நீர்க் கொதிகலன் சில ஆண்டுகளிற் பழுதாவதும் அதே கல்லின் வேலைதான்.

இத்தொல்லைகளுக்கு முடிவுகாண விரும்பும் குடும்பத்தினர் பலர், கிணற்றிலிருந்து வீட்டுக்கு வரும் நீர் முழுவதையும் ஓரிடத்திலேயே வடித்தெடுக்கும் அமைப்பை இந்நாளிற் பொருத்தி வருகின்றனர். நீரிறைக்கும் இயந்திரத்தின் அருகே இரண்டு மூன்று நீண்ட உருளைகள் நிற்கின்றன. அவற்றினூடாகச் சென்ற நீர் பளிங்குபோல் வருகின்றது. பெருந்தொகைப் பணம் கொடுத்து வாங்கிய பொருள் ஆதலின், இனி அச்சமில்லை என்று வீட்டார் நினைப்பதும் இயல்பே. ஆனால் வடிகட்டி எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என்பதை அறியாத வீட்டில் அந்த நம்பிக்கையே ஆபத்தாக முடியலாம்.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. வாடைப் பருவத்தில், ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையே நிலத்துள் இறங்கிச் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. அந்த நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் அறிஞர் கண்ட கணக்கு. மேலே சிறிது குறைந்தால் கீழே உவர் பெரிதும் ஏறிவிடும். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பின்னரும், கிணற்றை நம்பி வாழும் வீடுகள் ஏராளம்.

வெடிப்புகள் நிறைந்த இப்பாறை நீரை விரைவாக உள்வாங்குகின்றது. ஆனால் நன்றாக வடிப்பதில்லை. வெங்காயத் தோட்டத்திலும் புகையிலைத் தோட்டத்திலும் இட்ட பசளையும், மலசலகூடக் குழியிலிருந்து கசிவதும் மழைநீருடன் அதே வழியாகவே கீழே இறங்குகின்றன. இவற்றால் நீரிற் சேரும் நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. ஆகவே ஒரு கிணற்று நீரில் நான்கு வகைக் குறைகள் இருக்கக்கூடும்: சுண்ணாம்பினால் வரும் வன்மை, உவர், நோய்க்கிருமி, நைத்திரேற்று. நான்கையும் ஒரே கருவி தீர்க்கமாட்டாது.

ஒரு வீட்டை உதாரணமாகக் கற்பனை செய்யலாம். அங்கே புதிய வடிகட்டி பொருத்தப்பட்டிருக்கின்றது. மூன்று மாதக் குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்கப்படுகின்றது. பார்க்க வந்த குடும்பநல உத்தியோகத்தர் நீரைப் பற்றி வினவுகின்றார்.

“வடிகட்டின தண்ணீர்தான் பிள்ளை, அதையும் நன்றாகக் கொதிக்க வைத்தே பால் கரைக்கின்றோம்” என்று குழந்தையின் அம்மம்மா பெருமையுடன் கூறுகின்றார்.

“கொதித்தால் கிருமி சாகும், அம்மா. நைத்திரேற்று சாகாதே! நீர் வற்ற வற்ற அது செறிந்துதான் போகும்” என்கின்றார் உத்தியோகத்தர்.

அம்மம்மா செய்ததில் அன்புக்குக் குறைவில்லை. அவருக்கு யாரும் சொல்லாதது ஒன்று இருந்தது. அவ்வீட்டின் உருளைகளில் ஒன்று மண்ணைத் தடுப்பது. மற்றொன்று வன்மையை நீக்குவது. மூன்றாவது கரி நிரம்பியது. நைத்திரேற்றுக்கு அவை மூன்றும் திறந்த வாயில்களே. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்று வரையறுத்துள்ளது. அளவு மிஞ்சிய நீரிற் கரைத்த பால், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைக் கொண்டுசெல்லும் ஆற்றலைக் குறைக்கக்கூடும். உதடும் நகமும் நீலம் பாயும். கவனியாது விட்டால் உயிருக்கே கேடு விளையும். தாய்ப்பால் உண்ணும் குழந்தைக்கு இவ்வச்சமில்லை.

எனவே வடிகட்டியை வாங்குமுன் செய்யவேண்டிய முதற்காரியம் நீரைச் சோதித்தறிவதாகும். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களில் நீரைச் சோதிக்கலாம். பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வழி கூறுவார். வன்மை, உவர், இரும்பு, நைத்திரேற்று, மலக்கிருமி ஆகியவற்றின் அளவு கையிற் கிடைத்த பின்னரே கடைக்குச் செல்லவேண்டும்.

வீட்டுக்குரிய அமைப்பில் முதலில் நிற்கவேண்டியது மணலும் துகளும் தடுக்கும் வடிகட்டி. பின்னால் வரும் கருவிகளுக்கு அதுவே காவல். நீர் போகுமுன் ஒன்றும் போனபின் ஒன்றுமாக இரண்டு அழுத்தமானிகளை அதன் இருபுறமும் பொருத்துவது நன்று. அடுத்தது வன்மை நீக்கும் உருளை. அதனுள் இருக்கும் சிறு பிசின்மணிகள் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு, அதற்கீடாகச் சோடியத்தை நீரில் விடும். மணிகள் நிறைந்ததும் உப்புநீராற் கழுவினால் மீண்டும் வேலைசெய்யும்.

இதன் கணக்கு எளியது. ஐவர் வாழும் வீட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 லீற்றர் வீதம் 750 லீற்றர் செலவாகின்றது என்று கொள்வோர், வன்மை லீற்றருக்கு 400 மில்லிகிராம் என்றால், நாள்தோறும் 300 கிராம் அளவு வன்மையை அகற்றவேண்டியிருக்கும். ஒரு லீற்றர் பிசின்மணி ஏறத்தாழ 50 கிராமைப் பிடிக்கும். 25 லீற்றர் மணி கொண்ட உருளை நான்கு நாளில் நிரம்பிவிடும். ஒவ்வொரு முறை கழுவவும் ஏறத்தாழ 3 கிலோ உப்பு வேண்டும். மாதத்துக்கு 20 கிலோவுக்கு மேல் உப்பு! கழிவுநீர்க் குழாய் இல்லாத வளவில் அந்த உப்பு எங்கே போகும்? வளவு மண்ணுக்குள் இறங்கி, அதே நன்னீர் வில்லையைத்தான் சேரும். ஆதலின் மலசலகூடத்துக்கும் தோட்டத்துக்கும் செல்லும் குழாயை வன்மை நீக்குமுன்னரே பிரித்து, வேறொரு சிறு நீர்த்தாங்கிக்கு விடுதல் அறிவுடைமை. உப்பும் மிச்சம், கிணறும் மிச்சம்.

வன்மை நீக்கிய நீரில் சோடியம் கூடும் என்பதையும் மறத்தலாகாது. மேற்சொன்ன நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராம் சோடியம் புதிதாகச் சேரும். இரத்த அழுத்த நோயாளர் உள்ள வீட்டில் குடிநீருக்குத் தனிக்குழாய் வைப்பதே முறை.

கருவிகளை எங்கே பொருத்துவது என்பதும் முக்கியம். உயரத்தில் நிற்கும் நீர்த்தாங்கி பத்து மீற்றருக்கு ஒரு பார் அழுத்தமே தரும். ஐந்து மீற்றர் உயரமுள்ள தாங்கியின் அரை பார் அழுத்தம் பெரிய உருளைகளைத் தள்ளப் போதாது. எனவே மண்வடிகட்டியையும் வன்மை நீக்கியையும் இயந்திரத்துக்கும் தாங்கிக்கும் இடையே வைப்பது பொருந்தும். கரி வடிகட்டியைத் தாங்கிக்குப் பின்னே வைக்கவேண்டும்; முன்னே வைத்தால் கிணற்றில் இட்ட குளோரினை அது உறிஞ்சிவிட, தாங்கியிலுள்ள நீர் காவலின்றி நிற்கும். அக்கரி பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையிற் செய்யப்படுவது. மணத்தையும் குளோரினையும் அகற்றுவதில் வல்லது. கிருமியைக் கொல்லும் ஊதாக்கடந்த கதிர் விளக்கு எல்லாவற்றுக்கும் கடைசியில் நிற்கவேண்டும். கலங்கிய நீரில் அதன் ஒளி ஊடுருவாது. நைத்திரேற்றும் உவரும் உள்ள வீட்டில், எதிர்ப்பிரசாரண முறையில் இயங்கும் சிறு கருவியொன்றைச் சமையலறைக் குழாய் ஒன்றுக்கு மட்டும் பொருத்தினாற் போதும். அது நீரின் ஒரு பகுதியைக் கழிவாக விடுவதனால் வீடு முழுவதற்கும் வைப்பது வீண்செலவு. ஒவ்வொரு கருவிக்கும் முன்னும் பின்னும் அடைப்பு வால்வும், அதனைச் சுற்றிச் செல்லும் மாற்றுக் குழாயும் இருத்தல் வேண்டும். இல்லையேல் ஒன்று பழுதானால் வீடு முழுவதும் நீரின்றி நிற்கும்.

இவை யாவும் பொருத்தியாயிற்று. இனியே உண்மையான வேலை தொடங்குகின்றது. இதனை விளக்க வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1892ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் வாந்திபேதி நோய் 8,000 பேருக்கு மேல் பலி கொண்டது. அந்நகர் எல்பே ஆற்று நீரை வடிக்காமலே குடித்தது. அதனோடு ஒட்டியிருந்த அல்டோனா நகரோ, ஹம்பேர்க்கின் கழிவு கலந்த பின் வரும் அதே ஆற்று நீரை எடுத்தும், மணற் படுக்கைகளில் வடித்துக் குடித்ததனாற் பெரும்பாலும் தப்பியது. வடிகட்டியின் பெருமையை உலகம் அன்று கண்டது. ஆனால் அடுத்த குளிர்காலத்தில் அல்டோனாவிலும் நோய் தலைகாட்டியது. உறைபனிக் காலத்தில் மணற் படுக்கையொன்று பழுதுற்றதே காரணம் என்று அறிஞர் ரொபேர்ட் கொக் எடுத்துக் காட்டினார். ஊரைக் காத்த படுக்கையே பராமரிப்புத் தவறியதும் நோய்க்கு வழிவிட்டது.

வீட்டு வடிகட்டிக்கும் விதி இதுவே. இரண்டு அழுத்தமானிகளுக்கும் இடையே வேறுபாடு கூடிக்கொண்டே போனால், மண்வடிகட்டியின் உட்குழல் அடைபட்டுவிட்டது, அதை மாற்றவேண்டும். காலம் கடந்த கரி கிருமிகளுக்கு வளர்ப்புப் பண்ணையாகிவிடும். உற்பத்தியாளர் குறித்த காலத்தில் அதனை மாற்றுதல் கடமை. ஊதாக்கடந்த கதிர் விளக்கு ஓராண்டுக்குப் பின்னும் நீலமாக ஒளிரும். ஆனால் கிருமியைக் கொல்லும் வலு குறைந்துவிட்டிருக்கும். எரிகின்றதே என்று விட்டுவைப்பது தன்னையே ஏமாற்றுவதாகும். விளக்கைச் சூழ்ந்த கண்ணாடிக் குழலிற் படியும் சுண்ணாம்பை வினாகிரி கொண்டு துடைக்கலாம். உப்புத் தொட்டி வெறுமையாகாமலும், நீர்த்தாங்கி மூடியின்றிக் கிடவாமலும் பார்க்கவேண்டும். மாற்றிய நாளையும் மாற்றவேண்டிய நாளையும் எழுதிய அட்டை ஒன்று கருவியின் அருகே தொங்கட்டும். வீட்டிற் படிக்கும் பிள்ளையிடம் அப்பொறுப்பை விட்டாலும் நன்றே. மாரி முடிந்ததும் ஆண்டுதோறும் ஒருமுறை நீரை மீண்டும் சோதித்தல் தவறலாகாது.

குடாநாட்டு முன்னோர் கோடையிற் கிணற்றை இறைத்துச் சேறு வாரித் துப்புரவு செய்தனர். குளிக்க ஒரு கிணறும், குடிக்க நல்ல தண்ணீர்க் கிணறும் என்று வேறுபடுத்தி வைத்தனர். கருவி வந்துவிட்டது என்பதற்காக அவ்வழக்கம் கைவிடப்படலாகாது. கிணற்றுக் கட்டு உயர்ந்திருக்கட்டும். மலசலகூடக் குழி கிணற்றுக்கு எட்டியிருப்பதோடு, கசியாத வகையிற் கட்டப்பட்டும் இருக்கட்டும். தோட்டத்துக்கு இடும் பசளை அளவோடு இருக்கட்டும். வீட்டுச் சுவருக்குள் நிற்கும் வடிகட்டி அவ்வீட்டாரை மட்டுமே காக்கும். கிணற்றுக்குக் கீழே ஓடும் நீரோ அயல்வீட்டுக்கும் அடுத்த ஊருக்கும் பொதுவானது. அங்கே வடிகட்டி வாங்க வசதியில்லாத ஒரு தாயும் தன் குழந்தைக்கு அந்நீரிலேயே பால் கரைக்கின்றாள்.