பாலை மரத்தின் பிசினும் நம் கபர்ஸ்தான் மரங்களும்

(ஜும்ஆ உரையின் சுருக்கம்)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. திருக்குர்ஆனின் 56-ஆம் அத்தியாயம் சுவனத்து மரங்களைக் கூறுமிடத்தில் 'தல்ஹ்' எனும் சொல் வருகிறது. விரிவுரையாளர்களில் பெரும்பாலோர் அதனை வாழை என்பர். ஆயினும் அரபு வழக்கில் அச்சொல் முள் நிறைந்த பாலை மரமொன்றையும் குறிக்கும். அது நம் கருவேலத்தின் இனமாகும்.

இவ்வின மரங்களின் பட்டையைக் கீறினால் கசியும் சாறு சில வாரங்களில் உறைந்து பிசினாகிறது. சூடானின் கொர்தோஃபான் பகுதியில் 'ஹஷாப்' மரத்திலிருந்து இவ்வாறு எடுக்கப்படுவதே 'ஸமக் அரபி' எனும் அரபுப் பிசின். குளிர்பானத்தில் மணமூட்டும் எண்ணெய் பிரிந்து மிதவாதிருக்க இது சேர்க்கப்படுகிறது. உணவுப் பொருள்களின் உறையில் 414 எனும் எண் இதனையே குறிக்கும். 2023 ஏப்ரலில் அந்நாட்டில் மூண்ட போர் இலட்சக்கணக்கானோரை வீடிழக்கச் செய்தது. நாம் பருகும் ஒரு மிடற்றில் அம்மக்களின் உழைப்பும் கலந்திருக்கலாம். அவர்களை நம் துஆவில் மறவாதிருப்போமாக!

இராஜஸ்தான் மக்கள் இத்தகைய பிசினை நெய்யில் பொரித்து, கோதுமை மாவும் இனிப்பும் சேர்த்து லட்டாக்கி, பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு அளிக்கின்றனர். நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் கருவேலம்பிசின் கிடைக்கிறது. அது நீரில் கரையும். பாதாம் பிசினோ கரையாது, ஊறிப் பருக்கும். வாங்குவோர் இவ்வேறுபாட்டை அறிந்து வாங்குக.

அன்பர்களே! கபர்ஸ்தானைத் துப்புரவு செய்யும் இவ்வேளையில், முள் மரம் யாவையும் வெட்டிவிடலாம் என்று சிலர் கூறுகின்றனர். அயல்நாட்டிலிருந்து வந்து பரவிய சீமைக் கருவேலத்தை அகற்றுவது முறையே. ஆனால் நாட்டுக் கருவேலம் வேறு. அதன் பூ மஞ்சள் நிற உருண்டை; காய் மணிமாலைபோல் இடையிடையே சுருங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூவோ நீண்ட கதிர். நாட்டுக் கருவேலத்தின் காய் ஆட்டுக்கு உணவு, பிசின் மனிதருக்கு உணவும் மருந்தும், நிழல் அனைவருக்கும் பொது.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்பது அவருக்குத் தர்மமாகும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். நம் முன்னோர் விட்டுச்சென்ற மரங்களும் அவ்வாறே அவர்களுக்கு நன்மை சேர்க்கும் என நம்புகிறோம். அந்நன்மையை நம் கையால் அறுத்துவிடலாமா? ஆகவே, கோடரி எடுக்குமுன் விவரமறிந்த பெரியவர் ஒருவர் மரங்களைப் பார்த்து அடையாளமிட வேண்டுமென நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

வல்ல ரஹ்மான் தன் அருட்கொடைகளை அறிந்து பேணும் நன்மக்களாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.