கல்லூரி ஆலயமும் கடல் கடந்த தொண்டும்

கல்லூரி மாணவன் திருச்சபை வாழ்விற் பங்குகொள்வது எவ்வாறு? ஞாயிறு ஆராதனையோடு அப்பங்கு நிறைவுறுமா? வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி மாணவர் முன்னொரு காலத்தில் இவ்வினாவுக்குச் செயலால் விடை பகர்ந்தனர்.

1884ஆம் ஆண்டில், அங்கு ஆசிரியராயிருந்த பிராங் சாண்டர்ஸ் என்னும் அமெரிக்கரின் முயற்சியால் வாலிபர் கிறிஸ்தவ சங்கம் தோன்றிற்று. அதில் அங்கம் வகித்த மாணவர் வேதப்படிப்போடும் செபத்தோடும் அமையவில்லை. ஊர்காவற்றுறைக்கு அப்பால், தோணியேறிச் சேரவேண்டிய எழுவைதீவிலே பாடசாலை ஒன்றை ஆதரித்தனர். கடல் குறுக்கிட்ட சிறு தீவின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவே அன்று அரும்பொருள்.

அத்தொண்டின் நோக்கிற் சமயப் பரப்பலும் கலந்திருந்தது, அதனை மறைத்தற்கில்லை.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. அமெரிக்க மிஷன் சபைகள் அதன் யாழ்ப்பாண அத்தியட்சாதீனமாயின. சபாபதி குலேந்திரன் முதற் பேராயரானார். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் உதவி பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. பாடசாலை நடத்தும் கடமை பெரும்பாலும் நீங்கிற்று. தொண்டுக்குரிய இடம் நீங்கவில்லை.

பாடற்குழுவிற் சேரலாம், ஆராதனையில் வேதபாடம் வாசிக்கலாம், ஓய்வுநாட் பாடசாலையிற் சிறுவருக்குக் கற்பிக்கலாம், நோயுற்றோரைச் சென்று காணலாம். இவை யாவும் நற்பணிகளே. எனினும் இவை பெரும்பாலும் தன் சபையாருக்கே பயன்படுவன. தீவகத்துச் சைவப் பிள்ளைக்கும் கத்தோலிக்கப் பிள்ளைக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்து, கைம்மாறாக மதமாற்றத்தையும் வேண்டாது மீள்வது அதனினும் அரிது. அன்பைத் தூண்டில் இரையாக்கினால் மீன்பிடித் தொழில் அறிந்த தீவார் அதனை எளிதில் உணர்ந்துகொள்வர். இரையில்லா அன்போடு தோணியேறும் மாணவனே தன் திருச்சபைக்கும் நற்பெயர் தேடுபவனாவான்.