ஏணியைக் கட்டிட்டு ஏறுங்க
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சேமிப்பு பத்தியும் கடன் பத்தியும் பேச நிறைய பேர் இருக்காங்க. நான் ஏணியைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. நம்மள்ல ஏணி ஏறாதவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க பார்க்கலாம்!

வீட்டு ஆம்பளைங்க திருப்பூர், சென்னைன்னு வேலைக்குப் போயிடறாங்க. ஐப்பசி மழை வர்றதுக்கு முன்னால ஓட்டுமேல கெடக்கிற சருகைத் தள்ளணும். ஒடஞ்ச ஓட்டை மாத்தணும். 2003-ல நம்ம மாநிலத்துல எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு ஆக்குனாங்க. அதுக்காகத் தாழ்வாரத்துல வச்ச தகரத்தையும் பிளந்த பிளாஸ்டிக் குழாயையும் வருஷா வருஷம் சுத்தம் பண்ணணும். மாடித் தொட்டியைக் கழுவணும். இதெல்லாம் இப்ப நம்ம வேலை.

எங்க தெருவுல ஒரு அக்கா, தாழ்வாரக் குழாயில அடைச்ச வேப்பஞ்சருகை எடுக்க ஏணி போட்டாங்க. வாசல் சிமெண்ட் தரை, அப்பதான் கழுவி விட்டது. மேல ஏறி கையை நீட்டினதும் ஏணியோட அடி வழுக்கிடுச்சு. ஒம்பது அடி உயரம்தான். இடுப்பு எலும்பு முறிஞ்சு மூணு மாசம் படுக்கை. கறவை மாட்டை வித்தாங்க. குழுக் கடன் தவணையை மத்தவங்க பிரிச்சுக் கட்டினோம். ஒரு நாலு முழக் கயிறு இருந்திருந்தா அந்த மாடு இன்னைக்கு அவங்க கொட்டாயில நின்னிருக்கும்.

அதனால முதல்ல சாய்மானத்தைச் சொல்றேன். ஏணி ரொம்ப நிமிர்ந்து நின்னா நம்மளோட சேர்த்துப் பின்னால விழும். ரொம்பப் படுத்தாப்ல இருந்தா அடி வழுக்கும். நாலுக்கு ஒண்ணுன்னு கணக்கு வச்சுக்கோங்க. சாயுற இடம் தரையிலேருந்து 12 அடி உயரம்னா, ஏணியோட அடி சுவத்துலேருந்து 3 அடி தள்ளி இருக்கணும். 8 அடி உயரம்னா 2 அடி. அளக்க டேப் இல்லையா? ஏணியோட அடியில கால் விரல் படுற மாதிரி நிமிர்ந்து நின்னு கையை நேரா முன்னால நீட்டுங்க. உள்ளங்கை படியில பதிஞ்சா சாய்மானம் சரி.

அடுத்து நீளம். கூரைமேல இறங்கணும்னா, கூரை விளிம்புக்கு மேல ஏணி இன்னும் 3 அடி நீட்டிக்கிட்டு இருக்கணும். இறங்கும்போதும் திரும்ப ஏறும்போதும் புடிக்கிறதுக்கு அதுதான் கைப்பிடி. தாழ்வாரம் 10 அடின்னா ஏணி 14 அடியாவது வேணும். ஏணி குட்டையா இருக்குன்னு கல்லு மேலயோ டிரம் மேலயோ வைக்கவே கூடாது.

இப்ப கட்டுறது. அடி எப்பவும் சுவத்தை விட்டு வெளிய தான் வழுக்கும். அதனால அடிப்படியில கயிறு கட்டி, சுவர்ப் பக்கம் இருக்கிற தூணிலயோ ஜன்னல் கம்பியிலயோ இழுத்துக் கட்டுங்க. மண் தரைன்னா ரெண்டு காலுக்கும் ஒரே ஆழத்துல சின்னக் குழி எடுத்து ஊன்றி, முளை அடிச்சுக் கட்டுங்க. அதுக்கப்புறம் ஒருத்தர் கீழ நின்னு ரெண்டு பக்கமும் புடிச்சுக்க, ஒருத்தர் ஏறி மேல ரெண்டு காலையும் உத்திரத்துலயோ இரும்புக் குழாய்லயோ கட்டணும். மேல ஒரு கட்டு, கீழ ஒரு கட்டு. ரெண்டும் ஆனப்புறம்தான் வேலை. பிளாஸ்டிக் குழாய் மேலயோ தகரத்து மேலயோ ஏணியைச் சாய்க்காதீங்க. அது தண்ணி ஓடத்தான், நம்ம பாரம் தாங்க இல்ல.

ஏறும்போது முகம் ஏணியைப் பார்த்து இருக்கணும். ரெண்டு காலும் ஒரு கையும், இல்ல ரெண்டு கையும் ஒரு காலும், எப்பவும் ஏணியில இருக்கணும். வாளியைக் கையில தூக்கிக்கிட்டு ஏறாதீங்க. மேல போய்க் கயித்துல இழுத்துக்கலாம். இடுப்பு ஏணியோட ரெண்டு காலுக்கு நடுவுல இருக்கணும். எட்டலன்னா இறங்கி ஏணியை நகர்த்துங்க. "இன்னும் ஒரு சாண் தானே"ன்னு எட்டுறதுதான் ஆளை விழ வைக்குது. சேலை கொசுவம் தடுக்கும், சுடிதார் போட்டுக்கோங்க. ரப்பர் செருப்பைக் கழட்டிடுங்க. தலை சுத்தல் இருந்தாலோ, விரதம் இருந்தாலோ அன்னைக்கு ஏற வேண்டாம்.

மூங்கில் ஏணியை எடுக்குறதுக்கு முன்னால ஒவ்வொரு படியா தட்டிப் பாருங்க. கரையான் இருக்கா, வெடிப்பு இருக்கா, கட்டு தளர்ந்திருக்கான்னு பாருங்க. பெயிண்ட் அடிக்காதீங்க, வெடிப்பை மறைச்சிடும். போஸ்ட் மரத்துலேருந்து வீட்டுக்கு வர்ற ஒயர் பக்கத்துல அலுமினிய ஏணி வேண்டவே வேண்டாம். ஈர மூங்கில்லயும் கரண்ட் பாயும், மறந்துடாதீங்க.

ஆஸ்பெஸ்டாஸ் சீட் போட்ட வீடா? அது மேல நேரா கால் வைக்காதீங்க. வெயில்லயும் மழையிலயும் பழசானது, பார்க்க நல்லா இருந்தாலும் சட்டுனு உடஞ்சிடும். கீழ ரெண்டு குறுக்குக் கம்பியாவது தாங்குற மாதிரி நீளமான பலகை போட்டு, அது மேலதான் நடக்கணும்.

இதையும் மீறி யாராவது விழுந்துட்டா, பதட்டத்துல தூக்கி உட்கார வச்சுத் தண்ணி குடுக்காதீங்க. முதுகுலயோ கழுத்துலயோ அடி பட்டிருந்தா, தூக்குறதே ஆபத்து. ஆடாம அசையாம படுக்க வச்சு, ரத்தம் வந்தா துணியால அழுத்திப் புடிச்சு, 108-க்குப் போன் பண்ணுங்க.

பிரதமரோட சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு நம்ம பேங்க் கணக்குலயே இருக்கு. வருஷத்துக்கு 20 ரூபாய், 18 வயசுலேருந்து 70 வயசு வரைக்கும் சேரலாம். விபத்துல உயிர் போனா 2 லட்சம். ஆஸ்பத்திரி செலவுக்கு அது குடுக்காது. மே மாசக் கடைசியில அந்த 20 ரூபாய் கணக்குல இருக்கான்னு பார்த்துக்கோங்க.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. விசேஷத்துக்குப் பாத்திரம், நாற்காலி வாங்கி வாடகைக்கு விடுறோம். அதே மாதிரி ஊருக்கு ஒண்ணா, அடியில ரப்பர் வச்ச நல்ல ஏணி ஒண்ணு, கயிறு ரெண்டு வாங்கி வைக்கணும். நோட்டுல எழுதிக் குடுக்கலாம், வாடகை வேண்டாம். ஆனா ஒரு கட்டுப்பாடு: ஏணி வாங்க ரெண்டு பேரா வரணும். ஒருத்தர் தனியா வந்தா குடுக்கக் கூடாது. இதை அடுத்த கூட்டத்துல தீர்மானமா எழுதணும்னு கேட்டுக்கறேன்.