காலச் சக்கரமும் கற்கருவியும்

 

பள்ளியில் கற்கால மனிதனைப் பற்றிப் படித்துவரும் பிள்ளை, இல்லத்தில் ஆதிபகவன் வரலாற்றைக் கேட்கிறது. ‘இவற்றுள் எது உண்மை?’ என்று அது வினவுங்கால், நேர்மையான விடை கூறுதல் பெற்றோர் கடமையாகும்.

1863 மே 30இல் நிலவியலாளர் இராபர்ட் புருசு ஃபூட் பல்லாவரத்தில் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்ற பேராயர் அஷரின் கணக்கை ஐரோப்பியர் பலர் அன்றும் நம்பியிருந்தனர். அதே ஆண்டில் ஃபூட் கண்ட மற்றோரிடம், திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கம். அங்குச் சாந்தி பாப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் 1999 முதல் அகழ்ந்தனர். தொன்மையான கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையன என 2011இலும், அவற்றின் பின்வந்த கருவி மரபு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகட்கு முன் தொடங்கியது என 2018இலும் அறிவித்தனர். மண்ணிலுள்ள மணல்துகள் இறுதியாக வெயில் கண்ட காலத்தை அளப்பது இவ்வாய்வு முறைகளுள் ஒன்று.

சமணத்திலோ படைப்பு நாள் என்பதே இல்லை. உலகம் அநாதி, அதைப் படைத்தவன் எவனும் இலன். ஆதலின் 4004 பற்றிய வழக்கு நம்மைச் சாராது. ஆயினும் வேறொரு வேறுபாடு உண்டு. அவசர்ப்பிணி பத்துக் கோடாகோடி சாகரோபமம். அதன் பகுதிகள் நன்னற்காலம் முதல் தீத்தீக்காலம் வரை ஆறு. கற்பக மரங்கள் குன்றிய மூன்றாங்கால இறுதியில் விருஷபதேவர் வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் ஆகிய அறுதொழில்களைக் கற்பித்தார் என்பது ஆகம மரபு. ஐந்தாங்காலமும் ஆறாங்காலமும் 21,000 ஆண்டுகள் வீதம் நிகழும்.

போகபூமியே வேட்டைக் காலம், ஆதிபகவன் காலமே உழவு தோன்றிய புதிய கற்காலம் என்று சிலர் பொருத்திக் காட்டுவர். இப்பொருத்தம் நில்லாது. ஆகமம் முன்னோர்க்குப் பேருடலும் நெடுவாழ்நாளும் கூறும். அகழ்வில் கிடைத்த தொல்மனித எலும்புகள் அவ்வாறு காட்டவில்லை. மேலும், போகபூமியில் கொலையில்லை; வேட்டைக் காலமோ கொலையால் வாழ்ந்தது. சாகரோபமம் எண்ணிக்கைக்கு அடங்காதது. அதை மண்ணடுக்கோடு ஒப்பிடுதல் கடலை மரக்காலால் அளப்பதை ஒக்கும்.

‘அனைத்தையும் ஆகமம் முன்பே கூறிற்று’ என்று மேடையில் முழங்குதல் எளிது. நிறுவப்படாததை நிறுவப்பட்டதாகக் கூறுதல் வாய்மை விரதத்திற்குப் பழுது. அநேகாந்தமும் இரண்டையும் குழப்புவதற்கு இடந்தருவதன்று. எக்கூற்று எந்நோக்கில் கூறப்பட்டது எனப் பிரித்தறிவதே அதன் பயன். கருவியின் வயதை மண் கூறும். பிறவிச் சுழலின் நீளத்தையும், அதிலிருந்து வீடுபெறும் நெறியையும் ஆகமம் கூறும்.

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு உளது. அதன் பழமையை எழுத்தின் வடிவு கொண்டே அறிஞர் கணித்தனர்; நாமும் மகிழ்ந்து ஏற்றோம். நமக்குப் பெருமை தருங்கால் ஏற்ற ஆய்வு நெறியை, நம்மை வினவுங்கால் தள்ளுதல் தகாது. ஆகவே பிள்ளைக்கு இரண்டையும் கூறுக. ஒவ்வொன்றும் எவ்வாறு அறியப்பட்டது என்பதையும் உடன் கூறுக. வினவிய பிள்ளையை அடக்காத இல்லத்தில் அறம் தழைக்கும்.