லேபிளுக்கு உள்ளே



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'வடிவமைப்புக் கல்வியும் சமூகமும்'. மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். "டிசைன் படிப்புன்னா என்ன சார்? பிரஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து லேபிள் போடுறதுதானே? அதுக்கு எதுக்கு ஒரு கூட்டம்?" என்றார். நியாயமான கேள்வி. சிவகாசிக்குப் பக்கத்தில் இருப்பவர் அப்படித்தான் கேட்பார். அவருக்கு ஒரு வாத்தியாரின் கதையைச் சொல்லித்தான் பதில் சொல்லப் போகிறேன்.

அந்த வாத்தியாரின் பெயர் எம்.பி. ரஞ்சன். 1950-இல் சென்னையில் பிறந்தவர். அப்பாவுக்குப் பொம்மை செய்யும் தொழில். மரத்தூளும் சாயமும் கலந்த வாசனையில் வளர்ந்த பிள்ளை. 1969-இல் ரயில் ஏறி அகமதாபாத் போனார். அங்கே இருக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மேசை நாற்காலி வடிவமைக்கப் படிக்கச் சேர்ந்தார். படித்த இடத்திலேயே பிறகு ஆசிரியராகி, ஆயுளில் பெரும்பகுதியை அந்த வளாகத்திலேயே கழித்தார். 2015 ஆகஸ்டில் இறந்துபோனார். இந்தியாவில் வடிவமைப்பு சொல்லிக்கொடுப்பவர்களில் அவரிடம் நேரடியாகப் படித்தவர்களும் அவர் எழுதியதைப் படித்தவர்களும் இன்றைக்குப் பல மாநிலங்களில் இருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டில்தான் அவர் பெயர் அதிகம் தெரியாது. நாம் சினிமாக்காரர் பிறந்தநாளை நினைவில் வைத்திருப்போம், வாத்தியாரை மறந்துவிடுவோம்.

அந்த நிறுவனம் உருவானதே ஒரு சுவையான கதை. 1958-இல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியை இந்திய அரசு அழைத்து, "எங்கள் நாட்டுக்கு எப்படிப்பட்ட வடிவமைப்புப் பள்ளி வேண்டும், சொல்லுங்கள்" என்று கேட்டது. அவர்கள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஒரு அறிக்கை எழுதினார்கள். அதில் அவர்கள் தலையில் தூக்கிவைத்துப் பேசியது தாஜ்மகாலை அல்ல, தண்ணீர் மொள்ளுகிற செம்பை. இத்தனை அழகான பொருளை வடிவமைத்தது யார்? பெயர் கிடையாது. பல தலைமுறை ஆட்கள் கையில் பிடித்துப் பார்த்து, இடுப்பில் வைத்துப் பார்த்து, கழுவிப் பார்த்து, விலை கேட்டுப் பார்த்து உருட்டித் திரட்டிய வடிவம் அது. அந்த அறிக்கையை வைத்து 1961-இல் நிறுவனம் தொடங்கியது. வீட்டுப் புழக்கடையில் கிடக்கிற பாத்திரத்தைப் பாடமாக வைத்துப் பிறந்த கல்லூரி அது என்பதை இங்கே இருக்கும் பாலிடெக்னிக் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ரஞ்சன் அந்தப் பாடத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். வடகிழக்கு மாநிலங்களுக்குப் போய், மலை கிராமங்களில் மூங்கிலும் பிரம்பும் எப்படிக் கூடையாகிறது, பாயாகிறது, மீன்பிடி கூண்டாகிறது என்று தன் கூட்டாளிகளோடு சேர்ந்து வரைந்து, அளந்து, எழுதினார். 1986-இல் அது புத்தகமாக வந்தது. ஒரு கூடையின் அடிப்பாகம் ஏன் சதுரம், வாய் ஏன் வட்டம், நெற்றிப் பட்டையில் மாட்டிச் சுமக்கும்போது பாரம் எங்கே இறங்குகிறது என்றெல்லாம் இருக்கும். கூடை பின்னுகிறவரை 'ஏழைக் கைவினைஞர்' என்று பரிதாபப்பட்டு எழுதவில்லை. தன்னைவிட விவரம் தெரிந்த பொறியாளராக நினைத்து எழுதினார். பின்னாளில் மனைவி அதிதி ரஞ்சனோடு சேர்ந்து, நாடு முழுக்க இருக்கும் கைத்தொழில்களை ஒரே தொகுப்பாக்கினார். 2007-இல் வெளிவந்தது.

புத்தகத்தோடு நின்றிருந்தால் அவரும் ஒரு பேராசிரியர், அவ்வளவுதான். திரிபுராவில் கட்லாமாரா என்ற ஊரில் விளைகிற மூங்கில் ரகம் உள்ளே துளை இல்லாத கெட்டி மூங்கில். அந்த மூங்கிலை வைத்து, அந்த ஊர்க்காரர்கள் சாதாரணக் கருவிகளால் செய்யக்கூடிய முக்காலி, நாற்காலி வகைகளை மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கினார். விதைத்துப் பயிராக்குவது ஒரு கை, வெட்டிப் பதப்படுத்துவது ஒரு கை, இணைப்பது ஒரு கை, விற்பது ஒரு கை. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் காசு கிராமத்தைவிட்டு வெளியே ஓடிவிடக் கூடாது என்பதே அவருக்குக் கணக்கு. நாற்காலியின் அழகு அதற்கு அப்புறம்தான். இதைத்தான் இன்றைக்குப் பெரிய பெரிய மாநாடுகளில் 'நீடித்த சமூகப் புத்தாக்கம்' என்கிறார்கள்.

அவர் வகுப்பில் முதல் பாடமே தண்ணீர், உணவு, பொருளாதாரம் என்று போகும். "மேசை வரையச் சொல்லித்தருவார் என்று வந்தோம், இவர் பொருளாதாரம் பேசுகிறாரே" என்று பிள்ளைகள் விழித்திருப்பார்கள். இந்தியப் பொருளாதாரத்தில் 230 துறைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் வடிவமைப்பாளர் வேண்டும் என்று சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பட்டாசும் தீப்பெட்டியும் அப்படிப்பட்ட துறைகள்தான். இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

நம்மிடம் வடிவமைப்பு இல்லையா? நிறையவே இருக்கிறது. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்களே, அது என்ன? அவர்களைத் தேர்வு வைத்து யாரும் கல்லூரியில் சேர்க்கவில்லை. பார்த்தார்கள், செய்தார்கள், இந்த வானம் பார்த்த பூமிக்கு எது ஒத்துவரும் என்று யோசித்தார்கள். தீப்பெட்டி வந்தது, பட்டாசு வந்தது, லேபிள் அடிக்க அச்சகம் வந்தது.

லேபிளுக்குப் படம்? பக்கத்தில் கோவில்பட்டியில் கொண்டையராஜு இருந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிப் பிழைத்தவர். அவரும் அவரிடம் தொழில் பழகிய சுப்பையா, ராமலிங்கம் போன்ற சீடர்களும் எழுதிய சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டராகி, எத்தனையோ வீட்டுச் சுவரில் தொங்கின. நம் பாட்டிமார் கும்பிட்ட லட்சுமியின் முகத்தில் ஒரு பங்கு கோவில்பட்டியில் உருவானது. பட்டம் கொடுக்காத வடிவமைப்புப் பள்ளி அது. எழுத்துத் தெரியாத ஆள்கூடச் சேவல் படத்தையும் அணில் படத்தையும் பார்த்தே எந்தக் கம்பெனி வெடி என்று சொல்லிவிடுவாரே, அதைவிடப் பெரிய வெற்றி எந்த டிசைனருக்குக் கிடைக்கும்?

ஆனால் அத்தனை திறமையும் பெட்டியின் மேலேயே நின்றுவிட்டது. பெட்டிக்குள் இருப்பதைச் செய்கிற அறைக்குள் எந்த வடிவமைப்பாளரும் கால் வைக்கவில்லை. இதுதான் என் குற்றச்சாட்டு.

அந்த அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காகிதக் குழாய்களை வளையத்துக்குள் நெருக்கி அடுக்கி, மருந்தைக் கொட்டிக் கையால் பரப்புகிறார்கள். நாள் பூராவும் தரையில் சம்மணம் போட்டு வேலை செய்கிறார்கள். சாயங்காலம் பார்த்தால் அலுமினியத் தூள் ஒட்டிய கை வெள்ளிபோல் மின்னுகிறது. ஒரு அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஏன் 10 பேர் இருக்கிறார்கள்? பீஸ் ரேட். தீபாவளி ஆர்டர். உள்குத்தகைக்கு எடுத்தவருக்குக் குறுகிய காலத்தில் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். மிச்சமான மருந்தை அன்றைக்கே அழிக்காமல் மறுநாளுக்கு ஏன் வைக்கிறார்கள்? வீணாக்கினால் கணக்கு உதைக்கும். உராய்வு வருகிறது, ஈரம் ஏறி மருந்து சூடாகிறது, வெடிக்கிறது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 30-க்கும் மேற்பட்ட உயிர்கள். காப்பாற்ற ஓடி வந்தவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி, அச்சன்குளம். அதற்கப்புறமும் நின்றபாடில்லை. ஒவ்வொரு தடவையும் நிவாரணம் அறிவிக்கிறோம், போர்மேனைக் கைது செய்கிறோம், உரிமத்தை ரத்து செய்கிறோம். அந்த அறையை யாராவது மறுபடி வரைந்து பார்த்தோமா?

2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான் என்றார்கள். நாக்பூரில் இருக்கும் நீரி நிறுவனத்து விஞ்ஞானிகள் புதிய கலவைகளைக் கொடுத்தார்கள். நல்லது, வாங்குகிறவர் நுரையீரலுக்கு நல்லது. டெல்லியின் காற்றைப் பற்றி நாடே பேசியது. சரம் பின்னிக்கொண்டிருந்த அக்கா மறுநாள் என்ன செய்வாள் என்று அதே அளவுக்கு யாரும் பேசவில்லை. கலவை மாறியது, அவள் உட்காரும் தரை மாறவில்லை. சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் மாற்றினால் இப்படித்தான் ஆகும். இதைத்தான் ரஞ்சன் வாழ்நாளெல்லாம் சொன்னார்.

"வாத்தியார் வந்து என்னத்தைக் கிழிச்சிருவார்?" என்று கேட்பீர்கள். 1975-இல் ராஜஸ்தானில் ஜவாஜா என்று ஒரு பகுதி. நம் ஊர் மாதிரிக் காய்ந்த பூமி. அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்து, தானாகவே பதவியை விட்டிறங்கிச் சாதாரணப் பேராசிரியரான ரவி மத்தாய் அங்கே போனார். தேசிய வடிவமைப்பு நிறுவனத்து ஆசிரியர்களும் கூடப் போனார்கள். அந்த மண்ணில் வளம் என்று சொல்ல ஒன்றும் இல்லை என்றார்கள் அதிகாரிகள். தோல் வேலை தெரிந்தவர்களும் நெசவு தெரிந்தவர்களும் இருக்கிறார்களே என்றார் மத்தாய். நகரத்துக்காரர் வாங்கும்படியான பைகளும் விரிப்புகளும் உருவாயின. தாமே கணக்கு எழுதி, தாமே விலை பேசி விற்கும் கூட்டமைப்பு ஒன்றைத் தொழிலாளிகள் கட்டினார்கள். வட்டிக்காரர் பிடியிலிருந்து மெல்ல மெல்ல வெளியே வந்தார்கள். வருடக்கணக்கில் ஆனது, சண்டை சச்சரவும் இருந்தது. ஒரு செமஸ்டரில் முடிகிற சங்கதி இல்லை இது.

இத்தாலியில், மிலான் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் எட்ஸியோ மன்சினி. சாதாரண ஜனங்கள் தங்கள் சிக்கலுக்குத் தாங்களே கண்டுபிடிக்கிற வழிகள்தான் எதிர்காலம் என்று எழுதி உலகப் புகழ் பெற்றவர். படிக்க வேண்டிய ஆள். ஆனால் படிக்கிறபோது எனக்கு விருதுநகர்தான் ஞாபகத்துக்கு வந்தது. 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலையை எப்படி நடத்தினார்கள்? வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்தார்கள். வீட்டுக்கு வீடு, உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்தார்கள். அந்தப் பிடி அரிசிப் பள்ளியில்தான் காமராசர் படித்தார். ஒரு பிடி அரிசி எந்த வீட்டுக்கும் பாரமில்லை, எந்த வீடும் விலக்கில்லை, தினமும் வந்துகொண்டே இருக்கும். இதைவிடக் கச்சிதமான வடிவமைப்பை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. மன்சினிக்கு யாராவது கடிதம் எழுதலாம்.

இந்த ஆனைக்குட்டத்துக் கண்மாய்க்கரையில் நின்று பார்த்தால் தெரிகிற அணையிலிருந்துதான் விருதுநகருக்குக் குடிதண்ணீர் போகிறது. தண்ணீர் கொடுக்கிற ஊர் நீங்கள். பதிலுக்கு அங்கே இருக்கும் கல்லூரிகளிடம் ஒன்றைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகள் உண்டு, பாலிடெக்னிக்குகள் உண்டு. அதில் ஒன்றாவது, பட்டாசு அறையைப் பாடமாக வைக்கும் ஒரு வடிவமைப்புப் பிரிவைத் தொடங்கட்டும். முதல் வருடம் பிள்ளைகள் ஒன்றையும் கண்டுபிடிக்க வேண்டாம். பட்டாசு செய்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வரையட்டும். உட்காரும் உயரம், கை எட்டும் தூரம், வாசற்கதவு திறக்கும் திசை, நைலான் சேலை, குடிதண்ணீர்ப் பானை இருக்கும் இடம், கூலி கணக்கிடும் முறை, எல்லாவற்றையும் வரையட்டும். மருந்தறையின் அளவுபோலவே பீஸ் ரேட்டும் ஒருவர் வகுத்த வடிவம்தான், மாற்றி வகுக்க முடியும்.

பாடம் நடத்த ஆள் எங்கே என்று கல்லூரி முதல்வர்கள் கேட்பார்கள். இதோ, பட்டாசு அறையில் வேலை பார்க்கும் அக்காமார் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மணிக்கணக்குக்கு வரும் பேராசிரியருக்குக் கொடுக்கிற அதே ஊதியத்தை இந்த அக்காமாருக்கும் கொடுத்துக் கூப்பிடுங்கள். அன்றைக்கு அவர்கள் இழக்கிற கூலியைவிட ஒரு ரூபாயாவது கூட இருக்க வேண்டும். செலவுக்குப் பட்டாசு உற்பத்தியாளர்கள் பெட்டிக்கு இவ்வளவு என்று ஒரு மகமை எடுத்துவைக்கட்டும். அவர்கள் தாத்தாக்கள் பள்ளிக்கூடம் கட்டிய வழிதான், புதிதாக எதையும் கேட்கவில்லை.

தலைவர் அவர்களே, நன்றியுரைக்கு முன்னால் இதை ஒரு தீர்மானமாக எழுதி, கூட்டத்தில் வாசித்து, கையெழுத்து வாங்கி, மாவட்ட ஆட்சியருக்கும் கல்லூரி முதல்வர்களுக்கும் உற்பத்தியாளர் சங்கத்துக்கும் அனுப்புங்கள். முதல் கையெழுத்து இரண்டாவது வரிசையிலிருந்து வரட்டும்.