குளமும் பறவையும்

(ராதாபுரம் பகுதி கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான சொற்பொழிவு)



ராதாபுரம் தாலூகா மழை குறைந்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழையே இங்குள்ள குளங்களுக்குப் பெரும்பாலும் ஆதாரம். குளம் பெருகினால் குடியானவன் மட்டுமன்று, நாரையும் கொக்கும் நீர்க்காகமும் பிழைக்கின்றன. ஆயினும் கரைமீது நடப்போரில் அவற்றை நின்று பார்ப்பவர் சிலரே.

வடக்கே நாங்குனேரி தாலூகாவைச் சேர்ந்த கூந்தன்குளத்து ஜனங்களின் வழக்கம் வேறு. அங்கே மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமின்றி, வீடுகளை ஒட்டிய மரங்களிலும் கூடு கட்டுகின்றன. எச்சம் முற்றத்தில் விழும், நாற்றமும் வீசும். எனினும் ஊரார் அவற்றை விரட்டுவதில்லை. பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து ஜலமும் வண்டலும் வயலுக்கு நல்ல உரமாகின்றன. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்து ஊட்டி வளர்த்தவர் அவ்வூர்ப் பால்பாண்டி. அவர் 2021-ல் காலமானார். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும் அங்கே குளிர்காலத்தில் தங்குவதுண்டு.

ஏறக்குறைய 129 ஹெக்டேர் பரப்புள்ள அவ்விடத்தை அரசாங்கத்தார் 1994-ல் சரணாலயமாக்கினர். ஈர நிலங்களைக் காக்க 1971-ல் ஏற்பட்ட ராம்சார் உடன்படிக்கையின் ஜாபிதாவிலும் அது சேர்ந்துள்ளது. சட்டம் பின்னரே வந்தது. ஜனங்களின் கட்டுப்பாடு முன்னரே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பறவைகள் மீனைத் தின்றுவிடுகின்றன என்று குத்தகைதாரர் குறை கூறுவர். அதில் உண்மை உண்டு. ஆனால் அவை பூச்சி, நண்டு, தவளைகளையும் உண்கின்றன. உண்டதை உரமாகத் திருப்பியும் தருகின்றன. மீனை மட்டும் எண்ணி உரத்தை எண்ணாமல் விடுவது பற்றெழுதி வரவெழுதாத கணக்காகும்.

மெய்யான அபாயம் வேறிடத்தில் உள்ளது. குளத்து மரங்களைக் கூடு கட்டும் காலத்தில் வெட்டினால், முட்டையும் குஞ்சும் ஒரே நாளில் அழியும். ஆகையால் மர ஏலத்திற்கு முன்பே சங்கம் தீர்மானம் நிறைவேற்றி, கூடுள்ள மரங்களை விட்டுவைக்கும்படியும், தை முதல் ஆனி வரை குளத்தில் கோடரி விழாதபடியும் அதிகாரிகளை வேண்டிக்கொள்ளலாம்.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கது இன்னுமொன்று உண்டு. மாதம் ஒருமுறை விடியற்காலையில் கரையில் நின்று, எந்தப் பறவை, எத்தனை, எந்த மரத்தில், நீர் எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறித்து வரவேண்டும். கூட்டினருகே செல்லலாகாது; தாய் எழுந்து பறந்தால் குஞ்சு வெயிலில் வாடும், முட்டையைக் காகம் கொத்தும். பள்ளிப் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வது நலம். சில வருஷங்கள் எழுதிய நோட்டு ஒன்று கையிலிருந்தால், மரத்தை வெட்ட வருபவரிடம் வாதாடச் சங்கத்திற்கு அதுவே தக்க சாட்சியாகும்.