வாய்விட்டுச் சொல்லுங்கள்



மலக்குடலிலோ கருப்பை வாயிலோ வந்த புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து வீடு திரும்பிய சிலர், அதன்பிறகு வெளியே போவதையே விட்டுவிடுகிறார்கள். கல்யாண வீட்டுக்கு வருவதில்லை. பஸ் ஏற வேண்டிய நாளில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. கேட்டால், "உடம்பு முடியல" என்பார்கள். மலத்தை அடக்க முடியவில்லை, கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் துணியில் பட்டுவிடுகிறது என்பதை எப்படிச் சொல்வது?

மலத்தைக் கொஞ்ச நேரம் தேக்கி வைப்பது மலக்குடலின் வேலை. சிகிச்சையில் கதிர்வீச்சு பட்ட மலக்குடல் தழும்பேறி விறைத்துப்போகலாம், அப்போது விரிந்துகொடுக்காது. அறுவை சிகிச்சையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டாலோ, தேக்குகிற இடமே குறைந்துவிடும். வருவது காற்றா மலமா என்று அறியும் உணர்வும் மங்கலாம். கதிர்வீச்சின் பாதிப்பு சில ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். அதனால்தான் பலர் இதை வயதானதால் வரும் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். இது சிகிச்சையின் பின்விளைவு. இதில் வெட்கப்பட எதுவுமே இல்லை.

பட்டினி கிடப்பது வழியல்ல. அது உடம்பைத்தான் வாட்டும். என்ன சாப்பிட்டால் வயிறு கலங்குகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். சிலருக்குக் காரம், சிலருக்குக் காபி, சிலருக்குப் பால். மலம் இளகிப்போனால் அதைக் கெட்டிப்படுத்த இசப்கோல் உதவலாம். லோபெரமைடு என்ற மாத்திரையும் உண்டு. இரண்டையும் மருத்துவர் சொல்லும் அளவில்தான் எடுக்க வேண்டும்.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சி பலருக்குக் கைகொடுக்கிறது. காற்றை அடக்குவதுபோல் ஆசனவாயை இறுக்கி, சில விநாடி நிறுத்தி, மெல்லத் தளர்த்துங்கள். மூச்சைப் பிடிக்காதீர்கள், தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. சரியாகச் செய்கிறோமா என்பதைப் பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது. பலன் தெரிய மாதங்கள் ஆகும், பொறுமையாகத் தொடருங்கள்.

தோல் புண்ணாகாமலிருக்க, தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். துத்தநாகக் களிம்பு தடவலாம். வெளியே கிளம்பும்போது பையில் ஒரு மாற்றுத்துணி, பேட், மூடக்கூடிய பிளாஸ்டிக் உறை இருக்கட்டும்.

மலத்தில் ரத்தம் கண்டால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் உள்ளவர்களே, சிகிச்சை முடித்தவர் சாப்பாட்டைக் குறைத்தால், பயணத்தைத் தட்டிக்கழித்தால், தனியாக உட்கார்ந்து பக்குவமாகக் கேளுங்கள். அடுத்த பரிசோதனைக்கு நீங்களும் கூடப் போங்கள். அவருக்கு வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மருத்துவரிடம் நீட்டினாலே போதும்.